தலைவியம்மாவுக்குக் கதவு பிடித்த கதை

"அண்ணி, கூட்டத்துல நீங்க வாயே திறக்கக்கூடாது. டீ மட்டும் ஊத்துங்க, போதும்," என்றாள் என் நாத்தனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களுக்கு டீ ஒண்ணுதான் குறைச்சல்! போடி."

கோபம் வராமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்துக்கென்று வந்த பணத்தில் நகர்மன்றம் வாசலுக்கு அலங்கார வளைவு கட்டப்போகிறதாம். உள்ளே பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு பேருக்குத்தான் இருக்கிறது. தாழ்ப்பாள் கிடையாது, குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. அதற்குப் பயந்து என் மகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். இன்னொரு முறை வந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதிலிருந்து, தையல் மெஷினில் உட்கார்ந்தாலும் எனக்குக் கை ஓடவில்லை.

எங்கள் பெற்றோர் குழு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. குழுவை நடத்துவது நாத்தனார்தான், டீக்கடை வைத்திருக்கிறாள். மன்றக் கட்டடத்தில் மராமத்து நடந்ததால், அந்த முறை வரவுசெலவுக் கூட்டம் பள்ளி மண்டபத்திலேயே நடந்தது. பொதுமக்கள் உட்காரலாம், பேசக்கூடாது என்பது விதி.

"பேசத்தானே கூடாது?" என்று கண்ணடித்தாள் நாத்தனார்.

சாலைக்கு ஒரு டீ, சாக்கடைக்கு ஒரு டீ, தெருவிளக்குக்கு ஒரு டீ என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். பள்ளி விஷயம் கடைசியில். அது வருவதற்குள் மன்றத் தலைவியம்மா நாற்காலியில் நெளிய ஆரம்பித்துவிட்டார். சைகை காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"

சிரிப்பை விழுங்கிக்கொண்டு கூட்டிப்போனேன். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தாழ்ப்பாள்?"

"நான் பிடிச்சுக்கறேங்க. பிள்ளைங்களும் இப்படித்தான், ஒருத்திக்கு ஒருத்தி பிடிச்சுக்குவாங்க."

உள்ளே போனவர், "இருக்கியாம்மா? போயிடாத," என்றார்.

"இருக்கேங்க."

கொஞ்சம் கழித்து மறுபடியும், "இருக்கியா?"

ஊரையே ஆட்டிப் படைக்கிற குரல் அது. அப்படி இறங்கிப்போனதைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. வெளியே வந்தவருக்குக் கை கழுவக் குடிதண்ணீரிலிருந்து ஒரு செம்பு ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே என் மகளைப் பற்றிச் சொன்னேன். கூட்டத்தில்தானே பேசக்கூடாது!

கையை உதறிக்கொண்டு அவர் நேரே மண்டபத்துக்குப் போனார்.

"வளைவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல கழிப்பறை, தண்ணிக் குழாய். சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க."

வளைவுக்காக மாய்ந்து மாய்ந்து பேசிய உறுப்பினர் கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சரி, சரி, சீக்கிரம் முடிங்க!" என்று முதல் ஆளாகக் கை தூக்கினார். மற்ற கைகளும் உயர்ந்தன. அப்பாடா! நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

புதுக் கழிப்பறை திறந்த அன்று மகள் வீடு திரும்பத் தாமதமானது. மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். கடைசியில் தெருமுனையில் தோழியோடு அரட்டையடித்தபடி ஆடி அசைந்து வந்தாள்.

"ஏன்டி இவ்வளவு நேரம்? தினமும் ஓடி வருவியே?"

"இப்ப எதுக்கும்மா ஓடணும்?" என்றாள்.

இத்தனை நாளும் என்னைப் பார்க்கிற ஆசையில்தான் ஓடி வருகிறாள் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். போகட்டும். இனி மெதுவாகவே வரட்டும்.