பன்னிரண்டு மஃப்ளர்

அந்த வருஷம் ஓசூரில் கார்த்திகையிலேயே பல் கிட்டித்தது. காலை எட்டு மணி வரைக்கும் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாத பனி. யுத்தம் முடிந்து எட்டு வருஷமாகியும் பெங்களூர் பட்டாளத்துக் கிடங்கில் கம்பளி நூல் தீர்ந்தபாடில்லை போலிருக்கிறது. அதில் ஒரு மூட்டை எப்படியோ மாதர் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் அத்தனையும் ஒரே சாம்பல் நிறம்.

சங்கத்தில் பின்னல் சொல்லிக்கொடுத்த சரோஜம்மாள் டீச்சர் கண்டிப்பானவர். ஆளுக்கு ஒரு மஃப்ளர், வீட்டு ஆம்பிளைக்கு. முப்பது கண்ணி அகலம், அதற்குமேல் ஒரு பூ கிடையாது, ஒரு கோடு கிடையாது. கார்த்திகை தீபத்துக்குள் முடிக்காதவள் நூலைத் திருப்பித் தந்துவிட வேண்டும். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மஃப்ளர். பன்னிரண்டு ஆண்களும் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கடைவீதியில் நடந்தபோது, புதுசாகப் போலீசுக்கு ஆள் எடுத்திருக்கிறார்களா என்று ஊர் கேலி பண்ணியது.

ஒன்றுபோல் இருந்தாலும் பின்னியவளுக்குத் தன் கை தெரியும். தேவமணியின் கை எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் அவள் தாமதமாக வந்தாள். டீச்சர் பக்கத்தில் இடமில்லாமல் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பழகினாள். டீச்சருக்கு வலது எதுவோ அது இவளுக்கு இடதாகிவிட்டது. நூலையும் தலைகீழாகவே சுற்றினாள். மற்றவர்கள் கண்ணி நேராக நிற்கும், தேவமணியின் கண்ணி கால்மேல் கால் போட்டு நிற்கும். டீச்சர் மூன்று தடவை அவிழ்க்க வைத்துப் பார்த்துவிட்டு, "குளிருக்கு இதெல்லாம் தெரியப்போறதில்ல, போ" என்று விட்டுவிட்டார்.

டீச்சருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு நாகம்மா பத்து வரிசை போட்டதும் அவள் ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி வந்து வீங்கிவிட்டது. நூல் திரும்பிப் போய்விடுமே என்று அழுதாள். தேவமணி அதை வாங்கி, தன் வீட்டுக்குள் உட்கார்ந்தே மீதி முழுவதையும் முடித்துக்கொடுத்தாள். டீச்சர் கண்ணாடியை மறந்து வந்த நாளாகப் பார்த்து நாகம்மா கொண்டுபோய்க் காட்டினாள். அதுவும் தான் போட்ட பத்து வரிசை மேலே தெரியும்படி சுருட்டி. திருட்டுத்தனம் பண்ணினோம் என்று இரண்டு பேரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மீந்த நூலில் பிள்ளைகளுக்குக் கழுத்துச் சுற்று பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாண் அகலத்துக்குப் பின்னி இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தால் தலைவழியாக மாட்டிக்கொள்ளலாம். தேவமணி தன் மகளுக்குக் கிறிஸ்துமஸ் காலையில் போட்டுவிடுவதற்காகப் பின்னினாள்.

போலீஸ்காரர் முனிவேல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் நின்றார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

"இன்னிக்கு விடியக்காலம் சூளகிரி தாண்டி ரோட்டுல ஒரு ஆளு செத்துக் கெடந்தாருங்க. பனியில எந்த லாரிக்காரனோ அடிச்சிட்டுப் போயிட்டான். முகம் தெரியலையாம். சட்டைப் பையில ஒரு துண்டுக் காயிதம்கூட இல்ல" என்றார். "நான் ஆளப் பாக்கலம்மா. இத மட்டும் பஸ்ஸுல குடுத்து அனுப்புனாங்க. நீங்க பின்னுனது மாதிரி இருக்குதேன்னு எடுத்தாந்தேன்."

பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பல் நிற மஃப்ளர். ஒரு முனையிலிருந்து ஒரு முழத்துக்கு இரத்தமும் மண்ணும் கலந்து காய்ந்து கட்டை தட்டியிருந்தது.

கூடத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். காலையில் காபி குடித்த புருஷன், மத்தியானம் களி தின்ற புருஷன், கெலமங்கலத்துக்குப் போய்ப் பத்து மணிக்கே திரும்பிவிட்ட புருஷன். பத்துப் பேர் மூச்சு விட்டார்கள். இரண்டு பேர் விடவில்லை. தேவமணியின் புருஷன் மைக்கேல்ராஜ் கொத்தனார். கிருஷ்ணகிரியில் கோவில் கோபுர வேலைக்குத் திங்கட்கிழமை போனவர். நாகம்மாவின் புருஷன் கங்கப்பன் காவேரிப்பட்டினம் சந்தைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வியாழக்கிழமை போனவன். இரண்டு பேரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சூளகிரி வழிதான்.

காவேரி என்கிற பெண் குனிந்து மஃப்ளரின் சுத்தமான பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தேவமணி கை" என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். கண்ணிகள் கால்மேல் கால் போட்டு வரிசையாக நின்றன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முனிவேல் சின்ன நோட்டை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்கம்மா."

தேவமணிக்கு வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அந்தக் கூடத்தில் ஒருத்திக்கும் கிடையாது. டீச்சர்தான் தாழ்ந்த குரலில் "மைக்கேல்ராஜ்" என்று எடுத்துக்கொடுத்தார். பென்சில் அதை எழுதும் சத்தம் தேவமணிக்குக் கேட்டது.

அவள் நாகம்மாவைப் பார்த்தாள். இந்தக் கண்ணி இரண்டு மஃப்ளரில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேர்தான். நாகம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சட்டென்று எழுந்து ஓடிவந்து தேவமணியைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, உனக்கா இப்படி வரணும்" என்று ஓங்கி அழுதாள்.

உனக்கா. அந்த வார்த்தை தேவமணியின் காதில் கொதித்த எண்ணெயாக இறங்கியது. இவள் எனக்காக அழவில்லை, அழுது அழுதே சாவை என் வீட்டுக்குள் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அடிப்பாவி என்று நெஞ்சுக்குள் திட்டினாள். திட்டிய அதே மூச்சில், ஆண்டவரே, இது இவளுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியது என்னவென்று தெரிந்துதான் வேண்டினாள்.

நாகம்மாவின் கையை விலக்கிவிட்டு மஃப்ளரை எடுத்தாள். சுத்தமான முனை முடித்த முனை. இரண்டு மஃப்ளரையும் முடித்தது அவள்தான், அதில் ஒன்றும் தெரியாது. ஆரம்பித்த முனை அந்தக் கட்டைக்குள் இருந்தது.

"இத நனைச்சுப் பாக்கணும்" என்றாள்.

"நனைக்கக் கூடாதும்மா. கேசுப் பொருளு. ஸ்டேஷன்ல என்னைக் கேப்பாங்க" என்றார் முனிவேல்.

"ஒரு முனைதாங்க."

"பாக்கட்டும், விடுங்க" என்றார் டீச்சர். முனிவேல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

தேவமணி கிணற்றடிக்குப் போனாள். நாகம்மா பின்னாலேயே வந்தாள். மற்றவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

"வேணாக்கா, தண்ணில போடாத" என்றாள் நாகம்மா. "நாம வீட்டுக்குப் போலாம்க்கா. அண்ணன் வந்துகூட இருப்பாரு." தேவமணி வாளியை இழுத்தாள். "வொத்தக்கா. வொத்து" என்றாள் நாகம்மா. பதறினால் அவளுக்கு வேண்டாம் என்பதுகூட வீட்டுத் தெலுங்கில்தான் வரும்.

தண்ணீர் பனிபோலச் சில்லிட்டது. முதல் வாளி செம்மண்ணாக ஓடியது. இரண்டாவது வாளியில் நிறம் மாறியது, அதை அவள் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து முனையைப் பிரித்தாள். நூல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஓரம் தெரிந்தது. வெளிச்சத்துக்காகத் திரும்பி உட்கார்ந்து விரித்துப் பிடித்தாள்.

கண்ணிகள் நேராக நின்றன.

முதல் வரிசை, இரண்டாவது வரிசை. விரலை வைத்து எண்ணினாள். பத்து வரை நேராக வந்து பதினொன்றில் காலைப் போட்டுக்கொண்டன.

அவளுக்குச் சந்தோஷம் வந்தது. வேறு எந்தப் பெயர் சொன்னாலும் பொய். அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்து கண்ணில் தண்ணீராக நின்ற சந்தோஷம். அவர் இருக்கிறார், எங்கேயோ பஸ்ஸுக்கு நின்றுகொண்டு பீடி பிடிக்கிறார், ராத்திரி வந்து சுடுதண்ணி கேட்பார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று உதடு அடித்துக்கொண்டது. அப்போது முதுகில் நாகம்மாவின் கை விழுந்தது. தடவிக்கொடுத்தது. இந்தத் தடவை நடிப்பில்லை. கண்ணில் நின்ற தண்ணீரைப் பார்த்து, தேவமணி அழுகிறாள், அப்படியானால் மஃப்ளர் அவள் வீட்டுதுதான் என்று நம்பிவிட்ட கை. பயம் தெளிந்து, உண்மையாகவே இரங்கிய கை.

தேவமணி அந்தப் பத்து வரிசையையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் மூட முடியும் என்று அவள் யோசிக்கவில்லை.

"என்னாக்கா?" என்றாள் நாகம்மா. "கையெடு."

தேவமணி எடுக்கவில்லை. நாகம்மா எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நகச்சுத்தி ஆறிய ஆள்காட்டி விரலில் நகம் இன்னும் பாதிதான் வளர்ந்திருந்தது. அந்த விரலை ஈர நூலின்மேல் வைத்து ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தினாள். பத்தில் நின்றது. மறுபடி ஓரத்துக்குப் போய் இன்னொரு தடவை எண்ணினாள்.

"இது நான் போட்டதுக்கா" என்றாள். அழவில்லை.

வாசலில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் வந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நூலைப் பார்த்தார், பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பத்து வரிசை போட்டது யார், மீதியை முடித்தது யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. முனிவேலும் வந்து நின்றார். டீச்சர் சொல்லி விஷயம் புரிந்ததும் நோட்டைப் பிரித்து, எழுதியிருந்த பெயரின்மேல் கோடு போட்டார்.

"அப்போ இந்தம்மா வீட்டுக்காரரா? பேரு என்னங்கம்மா?"

நாகம்மா வாயைத் திறந்தாள். ஒரு நாளும் சொல்லியிராத பெயர், இன்றைக்கும் வரவில்லை. அவள் தேவமணியைப் பார்த்தாள். பென்சில் காத்துக்கொண்டிருந்தது. ஈர மஃப்ளரின் ஒரு முனை நாகம்மாவின் கையிலும் மறுமுனை தேவமணியின் கையிலும் இருந்தது.

"கங்கப்பன்" என்றாள் தேவமணி.