நூற்று நான்கு நட்சத்திரங்கள்

பிஷ்கேக்கில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த சாய்கலுக்கு, மதிய இடைவேளை என்றால் திரட்டியைத் திறக்கும் நேரம். பிடித்த தளங்களின் முகவரியை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். அங்கே புதிதாக எது வந்தாலும் அந்தச் செயலியே எடுத்துவந்து போனில் வரிசையாக அடுக்கிவிடும். முப்பத்தெட்டுத் தளங்களை நான்கு கோப்புறைகளில் பிரித்து வைத்திருந்தாள். வானிலை, மலைநடை, சமையல் என்று மூன்று. நான்காவதில் ஒன்றே ஒன்று: பெர்மெத் என்ற பெண்ணின் பாட்காஸ்ட்.

பெர்மெத் வாரம் ஒருமுறை ஏதாவதொரு அடுக்குமாடி முற்றத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்வாள். கம்பளம் தட்டும் சத்தம், நான்காம் மாடியிலிருந்து பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் தாய், டோமினோ ஆடுகிறவர்களின் சண்டை. இடையிடையே தணிந்த குரலில் அவளுடைய இரண்டு வார்த்தை. இரண்டு வருடமாகச் சாய்கல் ஒன்றையும் தவறவிட்டதில்லை. கேட்டு முடித்ததும் பதிவின்மேல் ஒரு நட்சத்திரம் போட்டுவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவின் கடைசியில் பெர்மெத் சொன்னாள்: "மூணு மாசமா என் தளத்துக்கு ஒரு ஆள்கூட வரல. யாருமே கேக்காததை எதுக்குப் பேசிட்டிருக்கணும்? ஞாயித்துக்கிழமை தளத்தை மூடிடுறேன்."

எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியைச் சாய்கல் பாதி கடித்தபடியே கீழே வைத்தாள். மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் துராத் எதிரே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆளே இல்லங்கிறாங்க. நான் கேக்குறேன்ல? நூத்தி நாலு நட்சத்திரம் போட்டிருக்கேன்!"

"எங்க போட்ட?"

"இதோ, திரட்டியிலதான்."

துராத் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இந்த நட்சத்திரம் உன் போனைத் தாண்டாது. நீ பின்னாடி தேடி எடுக்கிறதுக்கு வச்சுக்கிற அடையாளம். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதா?"

"அவங்க பாக்குறது தளத்துக்கு வந்தவங்க எண்ணிக்கையை. நீ என்னைக்காவது அங்க போயிருக்கியா?"

"எதுக்குப் போகணும்? எல்லாம் இங்கயே வந்துடுதே."

"அப்ப சரிதான். ரெண்டு வருஷமா ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ள நின்னு கை தட்டியிருக்க."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே."

"கடுதாசி எழுது, நிறுத்துறேன்."

"நான் எழுதி என்ன ஆகப்போகுது? வேற யாராவது எழுதுவாங்க."

"அந்த வேற யாராவது இப்ப இதையேதான் சொல்லிட்டிருப்பாங்க, தேநீரைக் குடிச்சிக்கிட்டு."

அன்று மாலை சாய்கல் முதன்முறையாக அந்தத் தளத்தைத் திறந்தாள். ஒவ்வொரு பதிவுக்கும் அந்த முற்றத்தின் புகைப்படம் ஒன்று இருந்தது. இத்தனை நாளாக அவளுக்கு இது தெரியாது. பக்கத்தின் அடியில் மின்னஞ்சல் முகவரி.

புதன்கிழமை எழுதியது நீளமாக இருந்தது. வியாழக்கிழமை எழுதியதில் புகழ்ச்சி அதிகம்; முகம் தெரியாதவள் இப்படிக் குழைந்தால் சந்தேகப்படமாட்டார்களா? வெள்ளிக்கிழமை எழுதவே இல்லை. சனிக்கிழமை, இனிமேல் நாளில்லை என்றானதும், முதலிலிருந்து பதிவுகளை ஓடவிட்டுத் தனக்கு நினைவில் நின்றவற்றை மட்டும் எண்ணிட்டு எழுதினாள். பதினேழாவதில் மழை வந்தும் நீங்கள் எழுந்து போகவில்லை. நாற்பத்தொன்றில் கிறீச்சிடும் அந்த ஊஞ்சலை என் தங்கைக்கும் போட்டுக் காட்டினேன். அறுபத்தாறில் உங்களுக்குச் சளி. இப்படி முப்பது வரி. திரும்பப் படித்தால் அழித்துவிடுவோம் என்ற பயத்தில் படிக்காமலே அனுப்பினாள்.

ஞாயிறு நண்பகல்வரை எதுவும் வரவில்லை. தளம் திறக்கிறதா என்று ஏழு முறை பார்த்தாள். ஒரு மணிக்குப் பதில் வந்தது.

"அது ஊஞ்சல் இல்லம்மா, என் நாற்காலி. இப்பவும் அப்படித்தான் கத்துது. வந்தது உங்க ஒரு கடிதம்தான். ரெண்டு தடவை படிச்சேன். வாரா வாரம் இனி என்னால முடியாது, மாசம் ஒண்ணு பண்றேன். அடுத்தது உங்க முற்றம். வீடு எங்க?"

சாய்கல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். கொடியில் இரண்டு பஞ்சுப் போர்வைகள். கார் மூடியைத் தூக்கிவைத்து உள்ளே குனிந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர். ஒரு பூனை. இதில் பதிவு செய்ய என்ன இருக்கிறது என்று மனம் பின்வாங்கியது. இருந்தாலும் உட்கார்ந்து தட்டினாள்: "எட்டாவது வட்டாரம், இருபத்தேழாம் எண். பத்து மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி குப்பை வண்டி வந்து எல்லாத்தையும் கெடுத்துடும்."

உடனே வந்தது பதில்: "அப்ப ஒன்பதரைக்கே வர்றேன்."