நாகலூர் கண்ணாயியின் மண் குருவிகள்

நாகலூர் கண்ணாயி பிடித்த மண் குருவிகள் 1994ஆம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து பறந்தன. தூரம் ஒன்றும் அதிகமில்லை, அவள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும்தான். அங்கே போனதும் விழுந்து உடையும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சில்லுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, இன்றைக்குக் கொஞ்சம் வேகம் கூடத்தான் என்று பேசிக்கொள்வார்கள். கண்ணாயி மட்டும் ஒவ்வொன்று உடையும்போதும் ஓடிப்போய்ச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், மண்வேலை சொல்லித்தருகிற பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் அப்பா சின்னன் மலைமேல் காப்பி எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறவர். மகள் ஆசைக்குக் குறுக்கே நிற்காதவர், ஆனால் நாலு வருஷத்தை வீணாக்கவும் மனமில்லாதவர். ஒன்றே ஒன்று கேட்டார். "படிச்சா குருவி இன்னுங் கொஞ்சந் தூரம் போகுமா கண்ணு?" அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டுவிட்டே சேருவது என்று, ஒரு குருவியைப் பஞ்சில் சுற்றி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு இருவரும் மலையிறங்கினார்கள்.

முதலில் போன தனியார் கல்லூரியில் முதல்வர், "எங்ககிட்டப் படிச்சா டெல்லி வரைக்கும் பறக்கும்" என்றார். குருவியைக் காட்டச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. கட்டணத்தைச் சொன்னதும் சின்னன், அங்கே கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். அடுத்தது தபால்வழிப் படிப்பு. செலவு குறைவுதான். ஆனால் மண்ணைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடலாம் என்று அங்கிருந்தவர் பெருமையாகச் சொன்னதும் கண்ணாயி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவது, காவேரிக்கரை ஊர் ஒன்றில் அரசு கல்லூரி. வருஷக் கட்டணம் அவர்கள் வந்துபோகும் பஸ் செலவைவிடக் குறைவு. வாசலிலேயே முழங்கை வரை மண்ணோடு ஒரு பெண் எதிர்ப்பட்டாள். பெயர் ஆயிஷா, சேலத்துக்காரி, இரண்டாம் வருஷ மாணவி. கண்ணாயி குருவியை எடுத்துக் கையைத் தளர்த்தினாள். அது பறந்து வேப்பமரத்தில் மோதி உடைந்தது. ஆயிஷா ஒரு சில்லைப் பொறுக்கி முகர்ந்து பார்த்தாள்.

"வால் கனம். மண்ணும் சரியா மிதிபடல. இங்க மொத வருஷம் பூரா மிதிக்கத்தான் விடுவாங்க, பரவால்லையா?"

"ஏனுங்க, முடிச்சா வேலை கெடைக்குங்களா?" என்றார் சின்னன்.

"எல்லாருக்கும் கெடைக்கலீங்க. போன வருஷம் முடிச்ச ஒம்பது பேர்ல ஆறு பேருக்குக் கெடைச்சுது."

பொய் சொல்லாத இடம் என்று சின்னனுக்குப் பட்டது. "இங்கயே சேந்துக்க சாமி" என்றார் மகளிடம்.

முதல் வருஷம் கண்ணாயி மண் மிதித்தாள். இரண்டாம் வருஷம் அவள் செய்த குருவி ஒன்றுகூடப் பறக்கவில்லை. படிப்பே கையைக் கெடுத்துவிட்டது என்று அழுது, ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டினாள். ஆயிஷா அந்தப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தவள் பொழுதுசாயும்வரை எழுந்திருக்கவில்லை, சோறும் அங்கேயே தின்றாள். மூன்றாம் வருஷம் கனமில்லாமல் உள்ளே கூடாக வனையவும் சூளைத் தீயின் பதம் பார்க்கவும் கைவந்தபோது குருவிகள் திரும்பப் பறந்தன, மழையிலும் கரையவில்லை. பட்டம் வாங்கிய மாதம் நாகலூரில் விட்ட ஒன்று சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு வரை போய் அன்றைக்கே திரும்பியது. சின்னன் லாரியில் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு, வழிநெடுக ஹாரன் அடித்துக்கொண்டே மலையேறினார்.

கண்ணாயி இப்போது மலைமேலேயே வாழவந்தி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கைவினை டீச்சர். பிள்ளைகள் செய்யும் குருவிகளும் பறக்கின்றன, சில நேராக, சில கோணலாக. ஊரில் யாரும் அதைத் தனியாக எடுத்துப் பேசுவதில்லை. காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துக்கு மட்டும் மேலே வலை கட்டியிருக்கிறார்கள்.