கை பட்டால் துரு

சனிக்கிழமை காலை, ரப்பர் விரிப்பில் கிடந்த பிஸ்டலை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு நஜ்முதீன் கேட்டார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஃபிஷிங் போறப்ப எடுத்துட்டுப் போனீங்களா? உப்புத் தண்ணி பட்டாத்தான் இப்படி ஆகும்.”

ஹூஸ்டனில் துப்பாக்கிகளுக்கு மேல்பூச்சு போட்டுத் தரும் கடை அவருடையது. செராமிக் கலவையைத் தெளித்து, அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார். ஆயுளுக்கும் உத்தரவாதம் என்று வாசல் கண்ணாடியிலேயே எழுதியிருந்தது. ப்ரியம்வதாவின் பிஸ்டலுக்கு வசந்தகாலத்தில்தான் கருப்புப் பூச்சு போட்டுக் கொடுத்திருந்தார். அதற்குள் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடின் இரண்டு பக்கமும் பூச்சு பொருக்குத் தட்டி, அடியிலிருந்து துரு எட்டிப் பார்த்தது. அவள் விரல்கள் படியும் இடங்களில் மட்டும்.

ப்ரியம்வதா தூண்டிலைத் தொட்டதுகூடக் கிடையாது. பிரச்சினை அவள் கையில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வியர்க்கும். சாதாரண வியர்வை இல்லை, சொட்டும். பரீட்சை ஹாலில் விடைத்தாளுக்கு மேல் கைக்குட்டையை விரித்துக்கொண்டுதான் எழுதுவாள். வீணை டீச்சர், தந்தியெல்லாம் கறுத்துப்போகிறது என்று இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டாள். கல்யாணத்தில் கையைப் பிடித்த மதன், தாரை வார்த்த தண்ணீர் இன்னும் காயவில்லை என்று நினைத்துக்கொண்டான். மருந்துக் கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில் வேலை கிடைத்தபோது அவளுக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம், அங்கே எல்லோரும் கையுறை போட்டிருந்ததுதான்.

அப்படிப்பட்டவள் துப்பாக்கி சுடப் போனது தற்செயல். ஆபீஸ் தோழி ஒருத்தி பெண்களுக்கான போட்டியைப் பார்க்க அழைத்துப்போனாள். சும்மா சுட்டுப் பார் என்றார்கள். சுட்டாள். குறி விலகவே இல்லை. எத்தனையோ பேர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கச் சொல்லியும் கேட்காமல், செகண்ட் ஹேண்டில் இந்தப் பழைய இரும்புப் பிஸ்டலை வாங்கினாள். அதன் கனம் அவள் கை நடுக்கத்தை அப்படியே உட்கார வைத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் சுட்டு முடித்ததும், ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் மூலையில் உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து மாய்ந்துபோவாள். அப்படியும் பூச்சு தாங்கவில்லை.

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் பெட்டியோடு காத்திருந்தார்கள். ‘ஆமா, ஃபிஷிங் போனேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்த மாதிரிப் பொய்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிரீம் தடவியிருக்கேன், இப்பத்தான் கை கழுவினேன். அன்றைக்கு என்னவோ வாய் வரவில்லை.

“பாய், பூச்சு எதுவும் போடாத இரும்புத் துண்டு ஒண்ணு இருக்கா?”

மெருகேற்றிய பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். மற்ற வாடிக்கையாளர்கள் போகும்வரை பிடித்திருந்துவிட்டு, கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். நஜ்முதீன் மதிய லுஹர் தொழுகை முடித்துத் திரும்பி வந்தபோது பட்டையில் நான்கு விரல்களும் கட்டைவிரலும் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தன.

“யா அல்லா!” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “மேடம், மன்னிச்சிருங்க. உப்புத் தண்ணி ஸ்ப்ரே பண்ற மெஷின்ல வச்சு டெஸ்ட் பண்ணினதா கம்பெனிக்காரன் ரிப்போர்ட் குடுத்தான். அத நம்பி உங்கள சந்தேகப்பட்டுட்டேன்.”

கல்லாவில் இருந்த அவர் மனைவி மெஹர் நிஷா எழுந்து வந்தாள். பட்டையைப் பார்த்தாள். பிறகு ப்ரியம்வதாவின் கையைக் கேட்காமலேயே எடுத்துத் தன் கைக்குள் வைத்துப் பார்த்தாள்.

“மெஷின் எதுக்குங்க? இவங்க கையத் தாங்குச்சுன்னா டெக்ஸாஸ்ல எவன் கையையும் தாங்கும்.”

அந்தக் கோடை முழுக்க அதுதான் நடந்தது. நஜ்முதீன் விதவிதமாகப் பூச்சு போட்டுப் பட்டைகள் கொடுத்தார். ப்ரியம்வதா கையில் பிடித்துக்கொண்டு திரிந்தாள். முதலாவது, அப்பளம் மாதிரிக் கொப்பளித்தது. கெட்டியாகப் போட்டது, சாவிக்கொத்தோடு உரசி ஓரத்தில் தெறித்தது. நிக்கல் முலாமில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள் கிளம்பின. நஜ்முதீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் இரும்பை மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, ஆவி பறக்கும் பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுத்து, அதற்குமேல் செராமிக்கை மெல்லிசாகத் தெளித்துச் சுட்டார். “அடில பிடிமானம் இல்லாம மேல மேல அடிச்சிட்டு இருந்திருக்கேன் மேடம்.”

அந்தப் பட்டையோடு அவள் ஃப்ரீவேயில் கார் ஓட்டினாள், கோயிலில் பிரதட்சிணம் வந்தாள். “என் கையக்கூட நீ இவ்ளோ நேரம் பிடிச்சதில்ல” என்றான் மதன். ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ அது என்ன என்று கேட்க, மறைக்காமல் சொன்னாள். அவர்கள் வாய் பிளந்து கேட்டதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆகஸ்டின் வெக்கை முழுக்கப் போயும் பட்டையில் ஒரு புள்ளி கிளம்பவில்லை.

“பட்டை வேற, பிஸ்டல் வேற. உறையில உரசும், சுட்டா சூடாகும்” என்றார் நஜ்முதீன். பழைய பூச்சை மொத்தமாகச் சுரண்டியெடுத்து, பிஸ்டலுக்கும் உள்ளிருக்கும் உதிரிகளுக்கும் அதே முறையில் பூச்சு போட்டுக் கொடுத்தார்.

இலையுதிர்காலத்தில், கடலோரத் திடல் ஒன்றில் இறுதிப்போட்டி. நஜ்முதீனும் மெஹர் நிஷாவும் பிரியாணி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு முன்னால் மழை கொட்டியது. மற்றவர்கள் பிளாஸ்டிக் பையைத் தேடி ஓடினார்கள். ப்ரியம்வதா நனைந்துகொண்டே நின்றாள். பஸ்ஸர் அடித்தது. ஈரக் கையில் அந்தக் கனம் வழக்கம்போல உட்கார்ந்தது. குறிக்காக நிறுத்தியிருந்த இரும்புத் தகடுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை. முதலிடம் அவளுக்கு என்று ஒலிபெருக்கி அவள் பெயரைக் கடித்துத் துப்பியபோது மதன் குடையை வீசிவிட்டு விசிலடித்தான்.

நடுவர் பிஸ்டல் காலி என்று பார்த்து உறுதிசெய்தார். அவள் பழக்கத்தில் எண்ணெய்த் துணியை எடுத்தாள்.

“தொடைக்காதீங்க மேடம்” என்றார் நஜ்முதீன். “அப்படியே பைல போடுங்க. நாளைக்குப் பாப்போம்.”

பெற்ற பிள்ளையை மழையில் விடச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் போட்டாள். ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனாள்.

மறுநாள் காலை மதன் காபியோடு வந்து பார்த்தபோது, அவள் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைப் பேப்பர் டவலை விரித்து, ஸ்லைடைக் கழற்றி ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்திருந்தாள். கன்னங்கரேல் என்றிருந்தது. போனில் நஜ்முதீன், “மேடம்? சொல்லுங்க மேடம்? துரு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்லைடின் வரிகளுக்குள் தங்கியிருந்த நேற்றைய தண்ணீர் ஒன்றுசேர்ந்து, ஓரத்துக்கு வந்து, ஒரு கணம் தொங்கியது. பிறகு பேப்பரின் மேல் விழுந்து, நிறமே இல்லாமல் பரவியது.