இடது கையில் எடுத்த பிளாஸ்க்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு வெந்நீர் பிளாஸ்க்கால் ஒருவனுடைய வேலையே ஆட்டம் கண்ட கதையைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறாம் வருடம், டெக்சாஸில் கேட்டி என்கிற ஊர். நிரோஜன் லண்டனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டுச் சாமான்களுக்கு வடிவம் அமைக்கும் டிசைனர். ஏழு வருடம் மற்றவர்கள் வரைந்த கெட்டில்களுக்கு மூடியும் கைப்பிடியுமே போட்டுக்கொண்டிருந்தவனை ஒரு ஹூஸ்டன் கம்பெனி விசா கொடுத்து அழைத்திருந்தது. முழுக்க அவனே வடிவமைத்த முதல் பொருள் அந்த பிளாஸ்க். திங்கட்கிழமை காலை அதை வார்த்தெடுக்கும் அச்சை எஃகில் வெட்டப்போகிறார்கள். வெட்டிவிட்டால் மாற்றுவது நடக்காத காரியம்.

ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு ஜலஜா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மாதிரி பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிப் பெருமையாக மேசையில் வைத்தான். ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தவள் இடது கையால் அதைத் தூக்கினாள். வலது கட்டைவிரலுக்கென்று அவன் வைத்த பொத்தானை அவளுடைய இடது உள்ளங்கை அழுத்திவிட்டது. மூடி திறந்து வெந்நீர் மணிக்கட்டில் கொட்டியது.

"ஐயோ! பைப்புக்குக் கீழ பிடியுங்கோ ஆன்ட்டி!"

"பதறாதப்பா, செவந்துதான் இருக்கு. லெஃப்ட் ஹேண்டால எடுத்தது என் தப்பு."

"ஏன் வலக்கையால எடுக்கேல்ல?"

"நல்லாக் கேட்ட போ! எச்சக் கையால பிளாஸ்க்கத் தொடுவாங்களா? லண்டன்காரா, ஃபோர்க்கக் கீழ வெச்சுட்டு ஒருநாள் கையால சாப்ட்டுப் பாரு!"

அவன் ஃபோர்க்கைக் கீழே வைத்தான். ஆபீஸில் சோதித்துப் பார்த்த அத்தனை பேருக்கும் வலது கை சும்மா இருந்தது. இடக்கைக்காரர்கள் என்ன செய்வார்கள்? வலது தோளில் குழந்தையைப் போட்டிருக்கும் தாய்?

ஜலஜாவின் கணவர் ஜம்புநாதன் குரலைத் தாழ்த்தினார். "இப்பப் போய்ச் சொன்னா லேஆஃப்தான். வேலை போனா விசாவும் போச்சு. கடைக்கு வந்தப்புறம் பார்த்துக்கலாம், பேசாம இரு."

"கடைக்கு வந்த பிறகு ஆரின்ட கை வேகுது எண்டே அங்கிள் பாக்கிறது?"

அடுக்களைச் சுவரில் இருந்த போனை எடுத்து, மேலதிகாரி அம்மாளின் வீட்டு எண்ணை அழுத்தினான். இரண்டு முறை தப்பாக அழுத்தினான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இது வேறு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அது போதும்."

அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"அச்சை நிறுத்தச் சொல்கிறேன். உன் வேலையைப் பற்றி நாளைக்குப் பேசலாம்."

மறுநாள் அவர் பிளாஸ்க்கில் பச்சைத்தண்ணீர் ஊற்றி இடது கையால் தூக்கினார். சட்டையின் கை நனைந்தது. "ஆறு வாரம் தருகிறேன். பொத்தானை மூடியின் நடுவில் வை" என்றார். வேலை தங்கியது. வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் இன்னொருவருக்குப் போனது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பயந்துகொண்டே உண்மை சொல்லப் போகிற இடத்தில், காது கொடுக்க ஒருத்தர் இருக்கட்டும். உங்கள் வீட்டு விளக்கு நன்றாக எரியட்டும், கண்ணுகளா.