ஒர்லிண்டாவின் இம்பாலா

வியாழக்கிழமை மத்தியானம் ஒர்லிண்டா செய்த தப்பை எஸ்பான்யோலா ஊரில் வேறு யாராவது செய்திருந்தால், அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இடது பின் மட்கார்டு இன்னும் கொஞ்சம் பளபளத்தால் தேவலை என்று தோன்றியது. வாட்டர் பேப்பரை நனைத்து விளிம்பில் இன்னும் நாலு இழுப்பு இழுத்தாள். மேல்பூச்சு போயிற்று, அதற்கடியில் சிவப்பும் போயிற்று. வெள்ளி நிற அடிப்பூச்சு கட்டைவிரல் அகலத்துக்கு இளித்தது.

சாதாரண பெயிண்ட் என்றால் அரைமணி நேர வேலை. அவள் அடித்திருந்தது கேண்டி பெயிண்ட். கண்ணாடி மாதிரி உள்ளே பார்வை போகும் சிவப்பு. ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் கூடிக்கொண்டே போகும். பன்னிரண்டு பூச்சு அடித்திருந்தாள். அந்த ஓர் இடத்தில் மட்டும் திரும்ப அடித்தால் புண்ணுக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி தெரியும். முழுப் பக்கத்தையும் சுரண்டி மறுபடி அடிக்க இரண்டு வாரமாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ கார் கிளப்பில் அவளைச் சேர்ப்பதா என்று ஓட்டெடுப்பு.

அறுபத்து மூன்றாம் வருஷத்து இம்பாலா கார் அது. கோழிக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, பள்ளிப் பேருந்துகளை ரிப்பேர் பார்க்கும் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதிலேயே கொட்டினாள். எஞ்சின், அடிச்சட்டம், வண்டியை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்புகள் எல்லாம் அவள் கை வேலை. ஆறு வருஷம் ஆயிற்று. இவ்வளவும் ஓர் அலுமினியத் தட்டுக்காக. கிளப்பின் பெயர் பொறித்த அந்தத் தட்டைப் பின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு தெருவில் மெல்ல ஊர்ந்து போகிறவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். அவர்களில் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் தட்டு கிடையாது. இரண்டு தடவை மறுக்கப்பட்டவர் பிறகு கேட்கவே முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் எட்டுப் பேர் சரி என்றார்கள். வேண்டாம் என்ற ஒரே ஆள் அவளுடைய சொந்த அண்ணன் ஒனேசிமோ. எட்டுப் பேர் சரி என்றதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. அண்ணன் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அவன் வாயால் ஒரு 'சரி' வாங்காமல் விடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், தேய்ந்த இடத்தின் மேல் கோடும் பூவும் வரைந்து மறைக்கக்கூடிய கை அந்த ஊரில் ஒனேசிமோவின் கை ஒன்றுதான். அப்படி மறைப்பதில் வெட்கமும் கிடையாது. ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்கில் கார்களின் மேல் பூத்திருக்கும் ரோஜாக்களில் பாதி யாராவது செய்த தப்பின் மேல்தான் பூத்திருக்கின்றன. யாரும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை அவன் பெயிண்ட் கொட்டகை வாசலில் நிறுத்தினாள். ஒனேசிமோ மிளகாய்ச் சாறு வழியும் பரீட்டோ ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டே வந்தான்.

"என்னடி, முழிக்கிற முழியே சரியில்லையே?"

"வந்து பாருண்ணே."

குனிந்து பார்த்தான். "விளிம்புல டேப் ஒட்டாமயா தேச்ச?"

"ஒட்டல."

"ஸ்கூல் பஸ்ஸுன்னு நெனச்சுத் தேச்சுட்டியாக்கும். நல்லவேளை, மிச்சத்தையாவது விட்டு வச்சியே."

"திட்டறத அப்புறம் வச்சுக்கோ. செய்வியா, மாட்டியா?"

அவன் மிச்சச் சுருளை வாயில் திணித்துக்கொண்டான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கதவு இடுக்குகளில் விரல் ஓட்டினான். தரையில் மல்லாந்து படுத்து அடிச்சட்டத்தின் பற்றவைப்பைப் பார்த்தான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"நாளன்னைக்கு ஓட்டு இருக்குன்னு ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"அதுக்குத்தானே தலைதெறிக்க ஓடி வந்தேன்."

அவளை ஒரு மாதிரி பார்த்தான். "சரி. பேச்சுக் கொடுக்காம ஓரமா உக்காரு."

அணில் முடித் தூரிகையை எடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரு கோடு. அதிலிருந்து கிளை பிரிந்து, தேய்ந்த இடத்தின் மேல் தங்க ரேக்கில் ஒரு கொடி. அடுத்த பக்கத்திலும் அதே கொடி. சாயங்காலம் ஆகிவிட்டது. வண்டி முன்பைவிட அழகாகவே இருந்தது. தேய்த்ததே நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒர்லிண்டாவுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற்றோர மைதானத்தில் ஒன்பது கார்களும் வரிசையாக நின்றன. தலைவர் ஃபிலிமோன் இம்பாலாவைச் சுற்றி வந்து, கொடியின் பக்கத்தில் நின்று மீசையைத் தடவினார்.

"இது யாரு கை?"

"என் கைதான்," என்றான் ஒனேசிமோ.

"அப்ப நீ தள்ளி நில்லுப்பா. வண்டியில வேலை செஞ்சவனுக்கு ஓட்டுக் கிடையாது. சட்டம் எழுதினதே நீதான்."

ஒர்லிண்டாவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சட்டம் அவளுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். பதற்றத்தில் புத்தியிலிருந்து நழுவிவிட்டது. இரண்டு வருஷமாக எந்த ஒரு ஓட்டுக்காக உழைத்தாளோ, அந்த ஓட்டைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள்.

"பலே ஆளும்மா நீ," என்று ஒருவர் சிரித்தார். "வேண்டாம்னு சொல்ற வாயை வேலை கொடுத்தே அடைச்சுட்டியே."

எட்டுப் பேரும் சரி என்றார்கள். ஃபிலிமோன் தட்டைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். கைதட்டினார்கள், ஹாரன் அடித்தார்கள். அவள் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே அண்ணனிடம் போனாள்.

"எனக்குத்தான் மறந்து போச்சு. உனக்கு ஞாபகம் இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏண்ணே தூரிகையைத் தொட்ட? மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே. தேஞ்ச வண்டியோட வந்து நின்னுருப்பேனே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருப்ப."

ஒனேசிமோ தன் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"என்ன சொல்லியிருப்ப? அதையாவது சொல்லு."

"முப்பது வருஷமா பொம்பளைக்குத் தட்டு கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் வாய் கிழியப் பேசியிருக்கேன், ஒர்லி. இத்தனை பேர் முன்னால சரின்னு சொல்ல எனக்கு வாய் வராது." துணியை மடித்தான். "அந்த வண்டிய அடியில படுத்துப் பாத்துட்டு, வேண்டாம்னு சொல்லவும் வாய் வராது. நீ டயருக்குக் காத்தடிக்கக் கூப்பிட்டிருந்தாக்கூட ஓடி வந்திருப்பேன். ரெண்டு வருஷமா நீ ஒண்ணுக்குமே கூப்பிடலியே."

ஒர்லிண்டாவுக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய உடம்பில் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பயமா என்றிருந்தது. அழுகையும் வந்தது, எட்டுப் பேர் பார்க்க அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"சரி, இப்ப யாரும் கேக்கல. என் காதுல மட்டும் சொல்லு."

ஒனேசிமோ சுற்றுமுற்றும் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். வரிசையில் தனக்கு முன்னால் ஒரு கார் நிற்க இடம் விட்டுப் பின்னால் நகர்த்தி நிறுத்திக்கொண்டு, அவள் வருவதற்காகக் காத்திருந்தான்.