சவரிநாதன் லாரியில் கிளட்ச் விடாத கதை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் கிடைத்தது. 1972இல், திருவொற்றியூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர்ப் பட்டறையில் ஒரு லாரி கியர் விழாமல் அலறியது. உடனே ‘தேசத்தின் ஓலம்’ என்று முதல் வரி எழுதினேன். (அடித்துவிட்டேன். தேசத்துக்காக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.) பஸ்ஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

2.

லாரி, ராயபுரம் சவரிநாதனுடையது. ஒற்றை லாரிக்கு முதலாளி. ஓட்டுநர் எத்திராஜ், துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி லோடு அடிப்பவர். ‘அவர் கண்களில் உழைக்கும் வர்க்கத்தின்...’ இல்லை, கரித்தூசிதான் இருந்தது. வியாசர்பாடியில் மனைவி மலர்க்கொடி நிறைமாதம். (சோகத்துக்காகச் சேர்க்கவில்லை.)

பட்டறையில் எல்லோர் முன்னாலும் சவரிநாதன் சொல்லிக்கொண்டிருந்தார்: “கிளட்ச் மிதிக்கத் தெரியாதவனுக்கு என் வண்டில இன்னா வேலை? உன் தப்புன்னு தெரிஞ்சா இன்னியோட நின்னுக்க.”

“கால் நல்லாத்தான் கீது மொதலாளி.”

3.

மெக்கானிக் ஹபீபுல்லாவை ஞானியாக்கப் பார்த்தேன். அவர் பீடியைத் தேடிக்கொண்டிருந்தார். சீட்டில் இருந்த எத்திராஜை இஞ்சினை நிறுத்தச் சொன்னார்; கியர் சத்தமில்லாமல் விழுந்தது. இஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போடச் சொன்னார். தெருவே திரும்பிப் பார்த்தது.

“கியர் பாக்ஸ் நல்லா கீது. கிளட்ச் முழுசா விடல. உள்ள பல்லு சுத்திக்கினே கீது, அதான் கத்துது. இன்னும் அழுத்து எத்திராஜு.”

“இதுக்கு மேல எறங்கல பாய்.”

ஹபீபுல்லா குனிந்து பார்த்தார். பெடலுக்கு அடியில் தடித்த தேங்காய்நார் மேட், அதன்மேல் சிவப்புக் கம்பளம். வண்டிக்கு ஒரு மரியாதை வேண்டுமென்று போன வாரம் சவரிநாதனே ஆணியடித்தது. ஹபீபுல்லா அதைப் பிடுங்கிப் போட்டார். பெடல் அடிவரை போனது. ரிவர்ஸ் பூனை மாதிரி விழுந்தது.

4.

முதல் பிரதியில் சவரிநாதன் மன்னிப்புக் கேட்டார். (நீங்கள் நம்பமாட்டீர்கள்.) இரண்டாவதில் பட்டறை ஆட்கள் கோஷம் போட்டார்கள். அவர்களோ டீக்குப் போயிருந்தார்கள்.

நடந்தது இதுதான். சவரிநாதன் கம்பளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மிதிக்கத் தெரிஞ்சவன் மேட்டையும் சேத்து மிதிச்சிருப்பான். எறங்கு கீழ.”

எத்திராஜ் இஞ்சினை நிறுத்தினார். இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாலையோரம் போய் நின்றார்.

அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி நிறைய நிலக்கரி. எண்ணூரில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சவரிநாதனுக்கு லாரி ஓட்டத் தெரியாது.